தென்னையிலிருந்து வீழ்வோரின் முதுகெலும்பு முறிவும் தண்டுவடச் சேதமும்: காவிரிப் படுகையை முன்வைத்து

முன்னுரை

தஞ்சை மாவட்டம் நெல்லுக்குப் பெயர்பெற்றதெனினும், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் தென்னையும் முதன்மைப் பயிராகும். தேங்காய் பறிக்க ஏறுவோர் தவறி விழுகையில் நேரும் கொடிய பாதிப்புகளுள் ஒன்று முதுகெலும்பு முறிவு. அம்முறிவு நரம்புச் சேதமாக மாறும் விதத்தையும், அச்சேதத்தின் ஒரு பகுதியை விழுந்த இடத்திலேயே தடுக்க இயலும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

முறிவின் இயல்பு

பாதமோ பிட்டமோ தரையில் மோதும்போது உடலின் எடை முழுவதும் முதுகெலும்பின் வழியே அழுத்துகிறது. விலா எலும்புகளோடு பிணைந்து அசைவு குன்றிய மார்புப் பகுதியும், எளிதில் வளையும் இடுப்புப் பகுதியும் கூடுமிடத்தில் அவ்விசை குவிகிறது. எனவே 12ஆம் மார்பு முள்ளெலும்பும் முதல் இடுப்பு முள்ளெலும்பும் மிகுதியாக முறிகின்றன. முள்ளெலும்பின் முன்பகுதி மட்டும் நசுங்குவது அமுக்க முறிவு. இதில் நரம்புச் சேதம் அரிது. எலும்பு முழுவதும் சிதறுவது வெடிப்பு முறிவு. இதில் எலும்புச் சில்லுகள் பின்னோக்கித் தள்ளப்பட்டுத் தண்டுவடத்தை நெரிக்கக்கூடும்.

பெரியவர்களுக்குத் தண்டுவடம் பெரும்பாலும் முதல் இரண்டு இடுப்பு முள்ளெலும்புகளின் அளவில் முடிந்து, அதன்கீழ் நரம்புக் கற்றையாகத் தொடர்கிறது. கற்றையின் நரம்புகள் ஓரளவு மீளும். முற்றிலும் சிதைந்த தண்டுவடம் மீள்வது அரிது. ஆகவே சில அங்குல வேறுபாடே ஒருவர் மீண்டும் நடப்பதைத் தீர்மானிக்கக்கூடும்.

இரண்டாம் சேதம்

விழுந்தவரை உட்காரவைத்து நீர் புகட்டுவது, அக்குளிலும் காலிலும் பிடித்துத் தூக்குவது, தொய்ந்த கயிற்றுக் கட்டிலில் சுமப்பது, இருசக்கர வண்டியில் இருவருக்கிடையே அமர்த்துவது ஆகியவை உதவும் எண்ணத்தில் செய்யப்படுபவையே. ஆயினும் நிலைகுலைந்த முள்ளெலும்பு இவற்றால் மேலும் நகரும். விழுந்தவுடன் காலசைத்தவர் மருத்துவமனையை அடைகையில் அசைக்க இயலாதவராகலாம். அவரை அசைக்காது கிடத்தி 108 ஊர்தியை அழைப்பதே முறை. நகர்த்தியே ஆகவேண்டுமெனில், தலை, முதுகு, இடுப்பு ஆகியன ஒரே நேர்கோட்டில் இருக்குமாறு பலர் ஒருசேரப் புரட்டி உறுதியான பலகையில் ஏற்றவேண்டும். கால் மரத்தலும் சிறுநீர் பிரியாமையும் நரம்புச் சேதத்தின் அறிகுறிகள்.

மறுவாழ்வு

கால்கள் செயலிழந்தோரின் உயிருக்குப் பின்னாளில் ஊறு செய்பவை படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும் ஆகும். உடலை இரண்டு மணிக்கொருமுறை திருப்புவதும், சிறுநீரை முறையாக வடிப்பதும் குடும்பத்தார் கற்கவேண்டியவை. 1954இல் மகிழுந்து விபத்தில் கால்கள் செயலிழந்த வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை மருத்துவம் செய்தார்; 1966இல் அங்கு மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமாக இருந்தார்.

முடிவுரை

வீழ்ச்சியால் நேர்ந்த முதற்சேதத்தை மருத்துவத்தால் முற்றிலும் மாற்ற இயலாது. தூக்கும் முறையால் நேரும் இரண்டாம் சேதத்தைத் தடுக்க இயலும். அவ்வறிவு மருத்துவமனைக்கு முன்னதாகத் தென்னந்தோப்பைச் சென்றடைய வேண்டும்.