பாடினால் படியளப்பவர் யார்?

இரண்டு ஆண்டுகளுக்கு முன், தவணை விடுமுறைக்கு முந்திய நாள், உயர்தர வகுப்பு மாணவனொருவன் என் அறை வாயிலில் தயங்கி நின்றான். ஹட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றின் லயத்திலிருந்து வருபவன். அவன் தகப்பனார் தப்பு அடிப்பதில் வல்லவர். "சேர், படிப்பை நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன். அப்பாவின் குழு தப்படிக்கிறதை யூடியூபில் போட்டேன். ஆயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். இனி மாதாமாதம் பணம் வருமாம்" என்றான்.

அவனை வைதனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு இருவரும் கணக்குப் பார்த்தோம். அந்தக் கணக்கு மலைநாட்டின் பல வீடுகளுக்கும் இன்று வேண்டியதாகையால் அதனையே இங்கு எழுதலானேன்.

பழைய வழி

கலைஞன் நேரே மக்களிடம் சென்று பொருள் பெறுவது நமக்குப் புதிதன்று. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையார் தோட்டத்துக் கூட்டங்களில் தாமே பாடித் தொழிலாளரை எழுப்பினார்; அப்பாடல்களை 1940ஆம் ஆண்டில் நூலாகவும் வெளியிட்டார். அவ்வழியில் வந்த பாவலர் பலர் சிறு பாட்டுப் புத்தகங்களை அச்சிட்டு, தோட்டந்தோறும் பாடிப் பாடிச் சில சதங்களுக்கு விற்றனர். காமன் கூத்தாயினும் திருவிழாத் தப்பாயினும், ஆடியவன் கையிலேயே சன்மானம் விழுந்தது. இடையில் தரகர் எவருமில்லை.

இன்று மேடை உலகளாவியது. நுவரெலியாவில் அடிக்கும் தப்பொலியை டொரொன்டோவில் இருப்பவர் அந்தக் கணமே கேட்கலாம். ஆனால் அம்மேடை பிறருக்குச் சொந்தமானது. அதற்கு வாயிற்காவலும் உண்டு, பங்கும் உண்டு.

வாயிலும் பங்கும்

யூடியூபில் விளம்பர வருமானம் பெற ஆயிரம் சந்தாதாரர் மட்டும் போதாது. ஓராண்டுக்குள் மக்கள் 4,000 மணி நேரம் பார்த்திருத்தல் வேண்டும். அன்றேல் குறுங்காணொளிகள் 90 நாட்களில் ஒரு கோடி முறை பார்க்கப்பட்டிருத்தல் வேண்டும். ஒருவர் மும்மூன்று நிமிடம் பார்க்கிறார் என வைத்துக்கொண்டால், 4,000 மணி நேரத்துக்கு 80,000 பார்வைகள் வேண்டும். இதைப் பெருக்கிக் காட்டியபோதுதான் மாணவன் முகத்தில் முதன்முதலாகச் சிந்தனை படர்ந்தது.

வாயிலைக் கடந்தபின், நீண்ட காணொளியின் விளம்பரப் பணத்தில் நூற்றுக்கு 55 பங்கு கலைஞனுக்கு, குறுங்காணொளிக்கு 45. இரசிகர் நேரடியாக வழங்கும் அன்பளிப்பிலும் உறுப்பினர் சந்தாவிலும் 70. கணக்கில் 100 டொலர் சேர்ந்தாலன்றிப் பணம் வெளியே வராது. அது ஏறக்குறைய 30,000 ரூபா. 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா அடிப்படை நாட்கூலியோடு ஒப்பிட்டால், ஒரு தாய் 22 நாள் கொழுந்து பறிப்பதற்கு ஈடு. ஆகவே இதனை அற்பமென்று தள்ளவும் முடியாது. மாதந்தோறும் வருமென நம்பி அடுப்பு மூட்டவும் முடியாது.

வேறு வழிகளும் உள. 2013இல் ஓர் இசைக் கலைஞரும் அவர் நண்பரும் தொடங்கிய பேட்ரியன், இரசிகர் மாதச் சந்தா செலுத்திக் கலைஞரைப் புரக்கும் ஏற்பாடு. பழங்காலப் புரவலர் ஒருவர் செய்ததைப் பலர் கூடிச் சிறுகச் சிறுகச் செய்கின்றனர். பேண்ட்காம்பில் பாடலை விலைக்கு விற்கலாம். தளத்துக்கு 15 வீதம் போகும். ஸ்பொட்டிபையிலோ, 2024 முதல், ஒரு பாடல் ஓராண்டில் ஆயிரம் முறையேனும் கேட்கப்படாவிட்டால் அதற்கு ஒரு சதமும் இல்லை. எங்கு சேரினும், பணம் எவ்வழியாக இலங்கை வங்கிக் கணக்குக்கு வந்து சேருமென்பதை முதலில் கேட்டறிதல் வேண்டும். பேபால் வழியே இங்கிருந்து பணம் அனுப்பலாம், பெற இயலாது என்ற நிலை நெடுங்காலம் நம் கலைஞர்களுக்குத் தடையாயிருந்தது.

லயத்துக்கு வராத கடிதம்

மாணவன் படிப்பை நிறுத்தவில்லை. ஓய்வு நேரத்தில் மட்டும் காணொளிகளைச் செய்து வந்தான். கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும், உரியவரின் முகவரியை உறுதி செய்ய நிறுவனம் இரகசிய எண்ணொன்றைத் தபாலில் அனுப்பும். நான்கு மாதங்களுக்குள் அவ்வெண்ணைப் பதியாவிட்டால் விளம்பரங்கள் நின்றுவிடும். ஆனால் லயத்து வீட்டுக்கு இலக்கமேது, வீதிப் பெயரேது? தோட்டத்தின் பெயருக்கு வரும் கடிதங்களோடு சேர்ந்து வந்த அந்தக் கடிதம் எங்கேயோ தங்கிவிட்டது. இரண்டாவது கடிதமும் வரவில்லை. மூன்றாவதை என் வீட்டு முகவரி வழியாக வரவழைத்தோம்.

உலகெங்கும் நொடிப்பொழுதில் சென்றடையும் கலைக்கு, சொந்தமாக ஒரு முகவரி இல்லாமையே முட்டுக்கட்டையாயிற்று! தோட்ட மக்களுக்குக் காணியும் தனிவீடும் முகவரியும் வேண்டுமென நெடுங்காலமாகக் கேட்டு வருகிறோமே, அக்கோரிக்கை இந்தப் புதுத் தொழிலுக்கும் அடித்தளமென்பதை அன்றுதான் நான் உணர்ந்தேன்.

ஒரு பெரும் பாடலின் பாடம்

2021 மார்ச்சில் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி' பாடலை அறியாத தமிழிளைஞர் இலர். அதை எழுதித் 'தீ'யுடன் பாடிய அறிவு, தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்தே அதனை உருவாக்கியதாகக் கூறியுள்ளார். அவ்வம்மையார் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துப் பின்னர் தமிழகம் திரும்பியவர், நம்மில் ஒருவர். யூடியூபில் 40 கோடிக்கு மேற்பட்ட முறை பார்க்கப்பட்டது அப்பாடல். எனினும் 2024 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அப்பாடலால் தங்களுக்கு இதுவரை வருமானமே வந்து சேரவில்லை என்று பகிரங்கமாகக் கூறினார். வெளியிட்ட நிறுவனம் அதை மறுத்தது. யார் பக்கம் நியாயமென்று தீர்ப்பது நம் வேலையன்று. பார்வைகளின் தொகை வேறு, பையில் விழும் தொகை வேறு என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடம். இரண்டுக்கும் நடுவே நிற்பது கையொப்பமிட்ட ஒப்பந்தம்.

ஆதலின் இளைஞர்க்குச் சில சொல்வேன். கணக்கு உங்கள் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ இருக்கட்டும். 18 வயது நிரம்பாதவர் தாமே பணம் பெற இயலாது. திரைப்படப் பாட்டைப் பாடிப் போட்டால் விளம்பரப் பணம் அதன் உரிமையாளருக்குப் போய்விடலாம். பாட்டி பாடிய தாலாட்டையும் தெம்மாங்கையும் நீங்களே பாடிப் பதிவு செய்தால் அந்தப் பதிவு உங்களுடையது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஆக்கியோனுக்கு அவன் ஆயுளுக்குப் பின்னும் 70 ஆண்டு உரிமையுண்டு. அதைப் படித்துப் பாராமல் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பாவிடில் மொத்த வருமானத்தில் 24 வீதம் வரை பிடிக்கப்படும். இலங்கையிலும் 2025 ஏப்ரல் முதல் வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கு வரியுண்டு. ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரை விலக்கும் உண்டு.

பதினான்கு மாதங்களின் பின் அந்தக் குடும்பத்துக்கு முதல் நூறு டொலர் வந்தது. மாணவனும் பரீட்சை எழுதி முடித்திருந்தான். புதுக் கைத்தொலைபேசி வாங்க அவனுக்கு ஆசை. தகப்பனாரோ வங்கியிலிருந்து பணத்தை எடுத்து வந்து, லயத்து வாசலில் அமர்ந்து, தம்மோடு தப்படித்த நால்வரையும் அழைத்து, தமக்கும் அவர்களுக்குமாக ஐந்து சம பங்காக எண்ணி வைத்தாராம்.

"ஏனப்பா இப்படி?" என்று மகன் கேட்டானாம்.

"படத்தில் அவர்கள் கையும்தானே தெரிகிறது" என்றாராம் அவர்.