நெல்வயலின் விலையும் மதிப்பும்

நாட்டு வருமானத்தைக் கணக்கிடும்போது வயலில் விளைந்த நெல் கணக்கில் சேருகிறது. அவ்வயல் தேக்கிவைத்த மழைநீரும், அதனால் ஊறிய கிணறுகளும், தணிந்த வெள்ளமும் எந்தப் பேரேட்டிலும் இடம்பெறுவதில்லை. கணக்கில் வராததை இலவசம் எனக் கருதுவது இயல்பு. இக்குறையை நீக்கும் முயற்சியே சூழல் மண்டலங்களின் நிலையையும் மதிப்பையும் அளவிடுதல் ஆகும்.

ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில் 2001 முதல் 2005 வரை நடைபெற்ற உலகளாவிய மதிப்பீடு, இயற்கை தரும் 24 பயன்களை ஆராய்ந்தது. அவற்றுள் 15 நலிந்து வருகின்றன என்பது அதன் முடிவு. 2021 மார்ச்சில் ஐ.நா. புள்ளியியல் ஆணையம் சூழல் மண்டலக் கணக்கியலுக்கான நெறிமுறையை ஏற்றது. அதற்கு முன்னோடியாகச் சோதனை நடத்திய ஐந்து நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. இம்முறை நடைமுறையில் எவ்வாறு பயன்படும் என்பதற்குக் கேரளம் நல்ல எடுத்துக்காட்டாகும்.

நிலையை அறிதல்

முதற்படி பரப்பையும் தன்மையையும் அறிதல். 1970-களின் நடுவில் கேரளத்தில் ஏறத்தாழ 8.8 லட்சம் ஹெக்டேரில் நெல் பயிராயிற்று. இன்று அது 2 லட்சம் ஹெக்டேர் அளவிற்குச் சுருங்கிவிட்டது. சாகுபடிச் செலவின் உயர்வு, தென்னை, வாழை முதலிய பயிர்களின் பரவல், வீட்டுமனைகளின் விலையேற்றம் ஆகியவை முக்கிய காரணங்கள்.

2008-ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் வயல்களை நிரப்புவதைத் தடுத்தது. ஊராட்சிதோறும் கண்காணிப்புக் குழுக்கள் அமைத்து, வயல்களின் விவரப் பதிவேடு தயாரிக்கவும் வழிசெய்தது. ஒரு நிலம் சட்டம் வந்தபோது வயலாக இருந்ததா என்ற ஐயம் எழுந்தால், திருவனந்தபுரத்திலுள்ள மாநிலத் தொலையுணர்வு, சுற்றுச்சூழல் மையத்தின் செயற்கைக்கோள் படங்கள் சான்றாகின்றன.

பயனை அளத்தல்

அடுத்தபடி, அந்நிலம் செய்யும் பணியை அளத்தல். வரப்புக்குள் 10 செ.மீ. உயரம் நீர் நின்றால் ஒரு ஹெக்டேர் வயல் 1,000 கன மீட்டர், அதாவது 10 லட்சம் லிட்டர் நீரைத் தாங்கும். இக்கணக்கின்படி, நெல் சாகுபடி இழந்த 6.8 லட்சம் ஹெக்டேரின் கொள்ளளவு 68 கோடி கன மீட்டர். இது இடுக்கி நீர்த்தேக்கத்தின் முழுக் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அந்நிலம் முழுவதும் நீரேந்தும் தன்மையை இழந்துவிடவில்லை. எனினும் இழப்பின் அளவை உணர இக்கணக்கு உதவும். 400-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட 2018 ஆகஸ்ட் வெள்ளத்திற்கு மிகையான மழையே முதற்காரணம். ஆயினும் வெள்ளநீர் பரவி நிற்கும் தாழ்நிலங்களின் இன்றியமையாமையை அது நினைவூட்டியது.

வரவு செலவுத் திட்டத்தில் வயல்

2020-இல் கேரள அரசு, நெல்வயலை மாற்றாமல் காக்கும் உரிமையாளர்களுக்கு ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் 2,000 ரூபாய் உரிமைத்தொகை வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. இது விளைச்சலுக்குரிய மானியம் அன்று. வயல் வயலாகவே இருப்பதற்கான கைம்மாறு. நீர் காத்தல் போன்ற பொதுப்பயனுக்கு அரசின் வரவு செலவுக் கணக்கில் இடம் கிடைத்தது குறிப்பிடத்தக்கது.

எனினும், இத்தொகையை வயலின் மதிப்பு எனக் கொள்ளலாகாது. மனையாக விற்றால் கிடைக்கும் விலையோடு ஒப்பிட இது மிகச் சிறிது. ஆகவே, தொகை மட்டும் நிலத்தைக் காக்காது, சட்டத்தின் துணையும் வேண்டும். மேலும், கடல்மட்டத்திற்குக் கீழேயுள்ள குட்டநாட்டு வயலும் குன்றுகளுக்கிடையே உள்ள பள்ளத்தாக்கு வயலும் செய்யும் பணிகள் வெவ்வேறு. முன்னது ஆறுகளின் வெள்ளத்தை ஏற்கிறது. பின்னது அண்டைக் கிணறுகளுக்கு ஊற்றாகிறது. ஒரே வீதம் இவ்வேறுபாட்டைக் காட்டுவதில்லை.

செய்ய வேண்டுவன

பதிவேடு பிழையின்றி இருத்தல் வேண்டும். அதில் விடுபட்ட வயலுக்குச் சட்டப் பாதுகாப்புக் கிட்டுவது அரிது. பரப்போடு நீர் நிற்கும் காலம், வடிகால், மண்ணின் தன்மை ஆகியவற்றையும் குறிப்பிட்ட கால இடைவெளியில் பதிவுசெய்தல் நலம். சாலைக்கோ கட்டடத்திற்கோ வயலை எடுக்க நேரும்போது, நிலத்தின் விலையோடு, இழக்கும் நீர்க்கொள்ளளவும் கோப்பில் எழுதப்பட வேண்டும். அப்போதுதான் முடிவெடுக்கும் அதிகாரியும், அதனால் பாதிக்கப்படும் மக்களும், எதைக் கொடுத்து எதைப் பெறுகிறோம் என்பதை முன்கூட்டியே அறிய இயலும்.