சரிவில் வண்டியை நிறுத்துவது எப்படி? நகர்த்துபொறி பற்றி ஒரு விளக்கக் கட்டுரை



விளக்கக் கட்டுரை என்றதும் நம் மாணவர்கள் ‘நூலகத்தின் பயன்’, ‘உடற்பயிற்சியின் நன்மை’ என்றே எழுதிப் பழகிவிட்டார்கள். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது, ஒரு செயலை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று கேட்டால் பேனா நின்றுவிடுகிறது. அதனால் இந்த முறை அவர்கள் மனப்பாடம் செய்திருக்க முடியாத ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டேன். இந்தத் தலைப்பு என் வீட்டு வாசலில் இருந்தே வந்தது.

கோலா கங்சாரில் எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. சாலையிலிருந்து வீட்டுக்கு ஏறும் பாதை சரிவானது. என் மாமா வேலை ஓய்வுக்குப் பிறகு பாசார் மாலாமில் கடை போட இரண்டு சக்கர உணவு வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கினார். காரின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துச் செல்லும் வகை. முதல் நாள் இரவு காரைக் கழற்றிவிட்டு, நான்கு பேர் சேர்ந்து அதை மேலே தள்ளினோம். பாதி வழியில் ஒருவர் கால் வழுக்கியது. வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. சக்கரத்துக்குக் கீழே போட்ட செங்கல் நொறுங்கிப் போச்சு. வண்டி நேராகப் போய்ப் பெரிய காணில் விழுந்தது. அந்தக் காண் ஓரத்தில்தான் ஒரு நிமிடத்துக்கு முன்பு வரை என் அக்கா மகன், ஏழு வயசுப் பையன், நின்றிருந்தான். அன்றைக்கு அவனை யாரோ தண்ணீர் எடுத்து வரச் சொன்னதால் தப்பித்தான்.

நான்கு ஆம்பிளைங்க சேர்ந்தும் ஏன் தாங்க முடியவில்லை? வேறு எப்படிச் செய்திருக்க வேண்டும்? இந்த இரண்டு கேள்விகளுக்கான விடைதான் இந்தக் கட்டுரை.

முதலில் சொற்கள்

கேரவன் என்றால் நம் மாணவர்களுக்குத் தமிழ்ப்பட நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். அது தானே ஓடும் பேருந்து வகை. மேலை நாடுகளில் கேரவன் என்பது பெரும்பாலும் எஞ்சின் இல்லாமல் கார் இழுத்துச் செல்லும் சக்கர வீடு. சொல்லின் வேர் பாரசீகம். பாலைவழியே கூட்டமாகச் செல்லும் வணிகரை அது குறித்தது. அந்தப் பொருளுக்குத் தமிழில் ‘சாத்து’ என்ற பழஞ்சொல் உண்டு. சிலப்பதிகாரத்தில் கோவலனின் தந்தை மாசாத்துவான். பெரிய வணிகச் சாத்தின் தலைவன் என்பது அப்பெயரின் பொருள்.

காரைக் கழற்றிய பிறகு இந்தச் சக்கர வீட்டை நகர்த்தும் மின்கருவியை ஆங்கிலத்தில் அழைப்பது போல ‘மூவர்’ என்று எழுதினால், மாணவன் மூன்று பேரைத் தேடுவான்! அதனால் இங்கே ‘நகர்த்துபொறி’ என்கிறேன். ஊறுகாய், சுடுசோறு போல இதுவும் வினைத்தொகை. ஆகவே நடுவில் ‘ப்’ மிகாது.

சரிவின் கணக்கு

சமதளத்தில் வண்டியை நகர்த்த, சக்கரம் உருளும்போது எழும் சிறு தடையை வென்றால் போதும். நல்ல சிமெண்டுத் தரையில் அது வண்டி எடையில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். அதனால்தான் ஓராயிரம் கிலோ வண்டியைக்கூட இரண்டு பேர் தள்ளிவிட முடிகிறது.

சரிவில் கதையே வேறு. வண்டியின் எடையில் ஒரு பங்கு சரிவின் வழியே கீழ்நோக்கி இழுக்கிறது. அந்தப் பங்கை வீட்டிலேயே அளக்கலாம். ஒரு மீட்டர் நீளப் பலகையின் ஒரு முனையைச் சரிவின் மேட்டுப் பக்கம் வையுங்கள். ரசமட்டம் வைத்துப் பலகையைக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். மறுமுனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியைச் செண்டிமீட்டரில் அளங்கள். 10 செ.மீ. வந்தால் சரிவு நூற்றுக்குப் பத்து. அப்போது 1,500 கிலோ வண்டி ஏறக்குறைய 150 கிலோ எடைக்குச் சமமான விசையோடு கீழே இழுக்கும். 20 செ.மீ. வந்தால் அது 300 கிலோவை நெருங்கும்.

எங்கள் பாதையை அப்புறம்தான் அளந்து பார்த்தேன். 12 செ.மீ. வந்தது. எரிவாயுத் தோம்பு, அடுப்பு, தண்ணீர் எல்லாம் சேர்த்து வண்டி சுமார் 1,200 கிலோ. ஆக, இழுவிசை ஏறக்குறைய 144 கிலோ. நான்கு பேர் என்றால் ஆளுக்கு 36 கிலோ. இது மேலே ஏற்றுவதற்குக்கூட அல்ல, இருக்கும் இடத்தில் பிடித்து வைப்பதற்கு மட்டும். ஒருவர் விலகியதும் மற்ற மூவர் மேல் ஆளுக்கு 48 கிலோ ஏறியது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் மேலே படித்தீர்கள்.

நகர்த்துபொறி எப்படி வேலை செய்கிறது?

வண்டியின் அடிச்சட்டத்தில், சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு மின்மோட்டார்களைப் பொருத்துவார்கள். ஒவ்வொன்றின் முனையிலும் ஓர் உருளை இருக்கும். வேலை இல்லாத நேரத்தில் உருளை டயரைத் தொடாமல் சிறு இடைவெளியில் விலகி நிற்கும். வேலை செய்யும்போது டயரை அழுத்திப் பிடிக்கும். மோட்டார் உருளையைச் சுழற்ற, உருளை டயரைச் சுழற்ற, வண்டி நகரும். மின்சாரம் வண்டிக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து வருகிறது. கையில் ரிமோட். பொத்தானிலிருந்து விரலை எடுத்தால் வண்டி நின்றுவிடும்.

இரண்டு மோட்டார்களும் தனித்தனி என்பதால் ஒரு சக்கரத்தை முன்னும் மற்றதைப் பின்னும் சுழற்றலாம். ஓர் அச்சு வண்டி நின்ற இடத்திலேயே திரும்பும். வேகம் ஆமை வேகம்தான். மெதுவாகப் போவது குறையல்ல, பாதுகாப்பு.

எல்லாப் பளுவையும் தாங்குவது உருளைக்கும் ரப்பருக்கும் இடையிலான பிடிப்பு. 1877இல் நம் கோலா கங்சாரில் நடப்பட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் மாவட்ட அலுவலகத்தின் அருகில் மரமாக நிற்கிறது. அந்த ரப்பரின் பிடிப்புதான் இங்கே உயிர்நாடி. டயர் மழையில் நனைந்தாலோ, சேறு ஒட்டினாலோ, காற்று குறைந்தாலோ உருளை வழுக்கும். மாலையானால் மழை கொட்டும் நம் ஊரில் இதை மறக்கவே கூடாது.

செய்முறை: வரிசை மாறக்கூடாது

1. தயாரிப்பாளர் கையேட்டில் எடையும் சரிவும் சேர்த்தே குறிக்கப்பட்டிருக்கும். எடை கூடினால் ஏறக்கூடிய சரிவு குறையும். உங்கள் வண்டி, உங்கள் பாதை இரண்டும் அந்த எல்லைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். வண்டியில் உள்ள தண்ணீரையும் கனமான பொருள்களையும் இறக்கிவிடுங்கள்.

2. பேட்டரி நிறைந்திருக்கிறதா, இரண்டு டயர்களிலும் காற்று சரியாக, சமமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

3. முடிந்தவரை சமதளத்தில் நிறுத்தி, கைபிரேக் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்த பிறகே காரைக் கழற்றுங்கள். மூலைக் கால்களை உயர்த்தி, முன் துணைச் சக்கரத்தை இறுக்குங்கள்.

4. உருளைகளை டயரோடு பொருத்துங்கள். இரண்டும் அழுத்திப் பிடித்திருப்பதைக் கண்ணால் பாருங்கள். அதற்குப் பிறகுதான் கைபிரேக்கை விடுவித்து, முட்டுக்கட்டையை எடுக்க வேண்டும். இந்த இரண்டும் இடம் மாறினால் வண்டியைப் பிடிக்க எதுவுமே இல்லை.

5. வண்டிக்குக் கீழ்ப்புறம் யாரும் நிற்கக்கூடாது. குழந்தைகளை வீட்டுக்குள் அனுப்பிவிடுங்கள். ரிமோட் வைத்திருப்பவர் பக்கவாட்டில், சற்றுத் தள்ளி நிற்க வேண்டும். ஒருவர் முட்டுக்கட்டையோடு பக்கவாட்டில் தயாராக நடந்து வரட்டும்.

6. சமதளம் முடிந்து சரிவு தொடங்கும் இடத்தில் வண்டியின் முன்பகுதியோ பின்பகுதியோ தரையில் உரசலாம். அங்கே நிறுத்தி, பார்த்து, பிறகு நகர்த்துங்கள்.

7. இடம் சேர்ந்ததும் முதலில் கைபிரேக், அடுத்து முட்டுக்கட்டை, கடைசியாக உருளைகளை விலக்குதல். சில வண்டிகளில் கைபிரேக் முழுதாகப் பிடிக்கும் முன் சக்கரம் கொஞ்சம் பின்னால் உருளும். முட்டுக்கட்டை அதற்காகவும்தான்.

மோட்டார் நின்றதும் வண்டி நின்றுவிடுகிறதே, பிறகு எதுக்கு பிரேக் என்று சிலர் கேட்பார்கள். நகர்த்துபொறி நகர்த்துவதற்கு மட்டும். இரவு முழுக்க வண்டியைப் பிடித்து வைக்க அல்ல.

திருவாரூரில் ஒரு பாடம்

இந்த முறை நமக்குப் புதிதா? திருவாரூர் ஆழித்தேரை நினைத்துப் பாருங்கள். அலங்கரித்த தேர் 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை. தானே ஓடாத வண்டிதான் அதுவும். முன்னால் மக்கள் வடம் பிடிக்கிறார்கள். பின்னால் புல்டோசர்கள் தள்ளுகின்றன. திருச்சி பெல் நிறுவனம் அமைத்த ஹைட்ராலிக் பிரேக் இருக்கிறது. இத்தனை இருந்தும் சக்கரத்தின் அருகே கட்டையோடு நடந்துவரும் ஆள்கள் இல்லாமல் தேர் நகராது. தள்ளும் விசை, பிரேக், முட்டுக்கட்டை ஆகிய மூன்றும் வேண்டும் என்பதை அவர்கள் அறிவார்கள்.

‘முட்டுக்கட்டை போடுதல்’ என்றால் தடை செய்தல் என்று வகுப்பில் கற்பிக்கிறோம். பொருள் சரிதான். ஆனால் தேரடியில் கட்டை போடுகிறவர் தேரைத் தடுக்கிறவர் அல்லர், உயிரைக் காக்கிறவர். மரபுத்தொடரை விளக்கும்போது இந்தக் காட்சியையும் சொல்லுங்கள். மாணவர் மறக்க மாட்டார்கள்.

மாமாவின் வண்டியைப் பட்டறையில் பழுது பார்த்து, அடிச்சட்டம் தாங்கும் என்று உறுதி செய்த பிறகு நகர்த்துபொறி பொருத்தினோம். முதலில் திடலில் பழகினார். இப்போது தனியாகவே ஏற்றுகிறார், மழை பெய்தால் மட்டும் கீழேயே நிறுத்திவிடுகிறார். செங்கல் போன இடத்தில் ரப்பர் முட்டுக்கட்டை நான்கு வந்துவிட்டது.

மாணவர்களுக்கு: எழுதும்போது கவனிக்க

செய்முறையை எழுதும்போது ஒவ்வொரு படிக்கும் ‘ஏன்?’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ‘உருளையைப் பொருத்திய பிறகு கைபிரேக்கை விடுவிக்க வேண்டும்’ என்பது கட்டளை. ‘இல்லையேல் வண்டியைப் பிடிக்க எதுவும் இராது’ என்பதுதான் விளக்கம். முதலில், அடுத்து, அதன் பிறகு, இறுதியாக போன்ற சொற்கள் வரிசையைக் காட்டும். பேச்சுவழக்கை நான் இங்கே கலந்திருக்கிறேன். தேர்வுத்தாளில் ‘நொறுங்கிப் போச்சு’ என்று எழுதாதீர்கள், ‘நொறுங்கிப்போயிற்று’ என்று எழுதுங்கள்.

பயிற்சி

1. பள்ளி வளாகத்தில் உள்ள ஒரு சரிவுப் பாதையைப் பலகையும் ரசமட்டமும் கொண்டு அளந்து, 800 கிலோ வண்டி அதில் எவ்வளவு விசையோடு இழுக்கும் என்று கணக்கிடுக.

2. ‘சாத்து’, ‘வடம்’, ‘முட்டுக்கட்டை’ ஆகிய சொற்களைப் பொருள் விளங்க வாக்கியத்தில் அமைத்திடுக.

3. உங்கள் வீட்டில் தவறான வரிசையில் செய்தால் ஆபத்தாகும் ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்து, அதன் செய்முறையைக் காரணங்களோடு விளக்கி எழுதுக.