முள் சொல்வது மெய்யா?

பழைய கார் ஒன்றில் ஓட்டுநருக்கு எதிரே உள்ள பலகையைக் கவனித்திருக்கிறீர்களா? ‘சி’, ‘எச்’ என்ற இரண்டு எழுத்துகளுக்கு நடுவே ஒரு சிறு முள் நிற்கும். என்ஜினைச் சுற்றிவரும் நீரின் சூட்டைக் காட்டுவது அது. திடீரென்று முள் ‘எச்’ பக்கம் ஓடிவிட்டால், சூடானது என்ஜினா, கெட்டது கருவியா? இதை அறியாமல் வண்டியை ஓட்டினால் என்ஜினே பாழாகலாம்.

உண்மையில் அந்த முள்ளுக்கு நீரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது அறிந்தது மின்னோட்டம் மட்டுமே. 1960-களின் பிற்பகுதியில் வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் உள்ள அமைப்பைப் பார்ப்போம். நீர் செல்லும் பாதையில் ஒரு பித்தளை உணர்வி திருகப்பட்டிருக்கும். அதனுள்ளே இருப்பது ஒரு குறைகடத்தி வில்லை. உலோகக் கம்பி சூடேறினால் அதன் மின்தடை கூடும் என்று படித்திருப்பீர்கள். இந்த வில்லை அதற்கு நேர்மாறு! குளிர்ந்த நிலையில் சில நூறு ஓம் உள்ள தடை, நீர் கொதிநிலையை நெருங்கும்போது சில பத்து ஓம்களாகக் குறைந்துவிடும். தடை குறைந்தால் மின்னோட்டம் பெருகும். காட்டியினுள் ஓர் ஈருலோகத் தகட்டின்மேல் சுற்றிய கம்பிச்சுருள் சூடேறும், தகடு வளையும், முள் நகரும். முள் ஏன் நிதானமாக ஏறுகிறது என்பது இப்போது புரிகிறதல்லவா?

இனிச் சோதனை. பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, முதலில் ரேடியேட்டரில் நீர் இருக்கிறதா என்று பாருங்கள். (காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.) அடுத்து, உணர்வியின் கம்பியைக் கழற்றிவிட்டு, என்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்புங்கள். சுற்று அறுந்துவிட்டதால் முள் ‘சி’யில் கிடக்க வேண்டும். அப்போதும் ஏறினால், கம்பியின் உறை தேய்ந்து எங்கோ காரின் உலோக உடலைத் தொடுகிறது எனலாம். இப்போது கம்பி நுனியை என்ஜின் உலோகத்தில் தொடுங்கள். முள் ஏற வேண்டும். ஏறத் தொடங்கியதுமே எடுத்துவிடுங்கள். தாமதித்தால் சுருள் கருகிப்போகும். இரண்டு சோதனையிலும் முள் சரியாக நடந்தால், உணர்வியைத்தான் சந்தேகிக்க வேண்டும். நீர் கசியாதிருக்க அதன் மரையில் டெஃப்லான் நாடாவைத் தாராளமாகச் சுற்றிவிடுவோர் உண்டு. மின்னோட்டம் திரும்பும் வழி அந்த மரைதான் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்!

பெட்ரோல் முள்ளும் சேர்ந்து கூடுதலாகக் காட்டுகிறதா? அப்படியானால் இரண்டுக்கும் பொதுவான மின்னழுத்தச் சீராக்கியைக் கவனியுங்கள். 12 வோல்ட் பாட்டரி, என்ஜின் ஓடும்போது ஏறத்தாழ 14 வோல்ட் வரை போகும். சுருளில் பிறக்கும் வெப்பம் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 196-ஐ 144-ஆல் வகுத்துப் பாருங்கள்: 1.36. அதாவது நீரின் சூடு மாறாமலே சுருளின் வெப்பம் 36 விழுக்காடு கூடிவிடும். இதைத் தடுக்கவே சீராக்கி, சுற்றை விட்டுவிட்டு இணைத்துச் சராசரியாக 10 வோல்ட் மட்டும் தருகிறது. அதன் முனைகள் ஒட்டிக்கொண்டால் இரு முட்களும் பொய் சொல்லும்.

நீரை முதலில் பார்க்கச் சொன்னேனே, ஏன்? நீர் கசிந்து தீர்ந்துபோனால் உணர்வியைச் சுற்றி வெறும் காற்றே இருக்கும். காற்று வெப்பத்தை நீரைப்போலக் கொண்டுவந்து சேர்க்காது. எனவே என்ஜின் தகித்துக்கொண்டிருக்கும்போதே முள் ‘சி’யை நோக்கி இறங்கக்கூடும். நீண்ட தூரம் ஓடிய காரில் முள் காரணமின்றித் தாழ்ந்தால், அனுபவமுள்ள ஓட்டுநர் உடனே வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிடுவார்.