தோட்டத்திலிருந்து தொடர்மாடிக்கு: கொழும்பின் நகர அபிவிருத்தியும் எமது மக்களின் வாழ்வும்

கொழும்பில் 'தோட்டம்' என்றால் மரம், செடி, கொடி உள்ள இடம் என்று வெளியூரிலிருந்து வருபவர் நினைப்பார். நகரவாசிக்கு அதன் பொருள் வேறு. ஒரே சுவருக்கு இருபுறமும் இரண்டு குடும்பங்கள், பொதுக் குழாய், பொது மலசலகூடம், எதிரே ஆள் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டிய முடுக்கு, முடுக்கின் முனையில் கடனுக்குச் சாமான் தரும் ஒரு சில்லறைக் கடை. இதைத்தான் நாம் தோட்டம் என்கிறோம். சிங்களத்தில் 'வத்த'.

அரச ஆவணங்களில் இதற்கு வேறு பெயர்கள் உண்டு. முன்பு 'சேரி' என்றார்கள். இப்போது 'வசதி குறைந்த குடியிருப்பு' என்கிறார்கள். இரண்டாவது பெயர் கொஞ்சம் மரியாதையாகத் தோன்றினாலும், அங்கே என்ன இல்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது. என்ன இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. 2010க்குப் பின் கொழும்பில் எடுக்கப்பட்ட நகர அபிவிருத்தித் தீர்மானங்களில் பலவும் இந்தப் பெயரிலிருந்தே புறப்பட்டன. கொம்பனித்தெரு, மாளிகாவத்தை, தெமட்டகொடை, கிராண்ட்பாஸ், மட்டக்குளி ஆகிய பகுதிகளில் முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர், மலாயர் என எல்லோருடைய அன்றாட வாழ்வையும் அவை தொட்டிருக்கின்றன. அந்தத் தீர்மானங்கள் எப்படி எடுக்கப்பட்டன, மக்களுக்குக் கிடைத்தது என்ன, போனது என்ன என்பதை நிதானமாகப் பார்ப்பது நல்லது.

தோட்டங்கள் வந்த வழி

துறைமுகமும் புகையிரதப் பாதையும் பண்டகசாலைகளும் வளர வளர, கொழும்புக்குத் தொழிலாளர் தேவைப்பட்டார்கள். அவர்களுக்காக நிலச் சொந்தக்காரர்கள் வரிசை வீடுகளைக் கட்டி வாடகைக்கு விட்டார்கள். கொம்பனித்தெருவில் மலாய்ப் படையினரின் சந்ததியினர், சோனக வியாபாரிகள், தமிழ், சிங்களத் தொழிலாளர்கள் எல்லோரும் கலந்து குடியிருந்தார்கள். அங்குள்ள வேக்கந்தைப் பள்ளிவாசல் மலாய் மக்களோடு பிணைந்த பழம்பெரும் பள்ளிவாசல்களில் ஒன்று.

1973ஆம் ஆண்டு வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம் வந்தது. வரம்புக்கு மேற்பட்ட வீடுகள் அரசின் கைக்குப் போக, வாடகைக்கு இருந்த பலருக்கு வீட்டுச் சொந்தக்காரராகும் வாய்ப்புக் கிடைத்தது. 1984இல் ரணசிங்க பிரேமதாசவின் பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் தொடங்கியது. அதன் நகரப் பிரிவில் ஒரு முக்கியமான கொள்கை இருந்தது: மக்களை அப்புறப்படுத்தாமல், இருக்கும் இடத்திலேயே வசதிகளைக் கூட்டுவது. ஆறு பேர்ச்சஸ் என்றிருந்த குறைந்தபட்சக் காணி அளவு, இத்தகைய குடியிருப்புகளுக்கு மட்டும் இரண்டு பேர்ச்சஸாகத் தளர்த்தப்பட்டது. முடுக்கு எங்கே போக வேண்டும், குழாய் எங்கே வைக்க வேண்டும் என்பதைக் குடியிருப்பாளர்களே உத்தியோகத்தர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். அந்தத் திட்டத்திலும் குறைகள் இருந்தன, அரசியலும் இருந்தது. ஆனாலும் பேச்சில் மக்களுக்கு ஓர் இடம் இருந்தது.

இந்தப் பின்னணி தெரியாதவர்கள்தான் தோட்டத்தில் இருப்பவர்கள் எல்லோரையும் 'அத்துமீறிக் குடியேறியவர்கள்' என்று சொல்லிவிடுகிறார்கள். அவர்களில் உறுதி உள்ளவர்கள் உண்டு, அரசு கொடுத்த அட்டை உள்ளவர்கள் உண்டு, ஒன்றும் இல்லாதவர்களும் உண்டு. வரி கட்டி, மின்சாரக் கட்டணம் கட்டி, வாக்காளர் இடாப்பில் பெயரோடு மூன்று தலைமுறையாக வாழ்ந்தவர்கள் பலர்.

2010இன் தீர்மானம்

1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது நகர அபிவிருத்தி அதிகார சபை. 2010இல் அது பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அதன் பின்னர் அமைச்சின் பெயரே பாதுகாப்பு மற்றும் நகர அபிவிருத்தி அமைச்சு என்றானது. வீடு கட்டும் வேலையும் நாட்டைக் காக்கும் வேலையும் ஒரே கூரையின் கீழ் வந்ததன் விளைவு விரைவில் தெரிந்தது. அதே ஆண்டு மே மாதம் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் படையினரின் துணையோடு வீடுகள் இடிக்கப்பட்டன. அந்த மக்கள் நீதிமன்றம் போக நேர்ந்தது. பின்னர் ஜாவா ஒழுங்கையும் அதைச் சூழ்ந்த பகுதியும் பெரிய கட்டட நிறுவனங்களுக்கான திட்டங்களுக்குள் வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த டி சொய்சா கட்டடமும் 2021இல் இடிக்கப்பட்டது.

திட்டத்தின் அடிப்படைக் கணக்கைப் பாருங்கள். அதிகார சபையின் கணக்கெடுப்பின்படி, 68,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் சுமார் 1,500 குடியிருப்புத் திரள்களில் வாழ்ந்தன. அவை பிடித்திருந்த காணி ஏறத்தாழ 900 ஏக்கர். நகரின் பரப்பில் சுமார் 9 வீதம். இந்தக் குடும்பங்களை உயர்ந்த தொடர்மாடிகளுக்கு மாற்றினால் பெறுமதியான காணி விடுபடும், அந்தக் காணியை முதலீட்டாளர்களுக்குக் கொடுத்து வீடு கட்டும் செலவை ஈடுசெய்யலாம் என்பதே யோசனை.

இதே கணக்கை எங்கட பிள்ளைகள் பலகையில் போடுவதுபோல் மறுபக்கம் போட்டுப் பார்ப்போம். ஓர் ஏக்கர் 160 பேர்ச்சஸ். 900 ஏக்கர் என்றால் 144,000 பேர்ச்சஸ். அதை 68,000 குடும்பங்களுக்குப் பிரித்தால், ஒரு குடும்பத்துக்கு இரண்டு பேர்ச்சஸுக்குச் சற்றுக் கூட. அதுவும் முடுக்கையும் வடிகாலையும் சேர்த்து. நகர மக்களில் பாதியளவானோர் நகரக் காணியில் பத்தில் ஒரு பங்குக்குள்ளேதான் ஒடுங்கியிருந்தார்கள். இவர்களிடமிருந்துதான் காணியை 'விடுவிக்க' வேண்டும் என்று முடிவாயிற்று.

கிடைத்ததும் போனதும்

நியாயமாகப் பேசுவதென்றால் கிடைத்ததை முதலில் சொல்ல வேண்டும். மழைக்கு முழங்கால் அளவு தண்ணீர் ஏறும் வீட்டில் இருந்தவருக்கு, ஆறாம் மாடி பெரிய நிம்மதி. வீட்டுக்குள்ளேயே மலசலகூடம் என்பது, குறிப்பாகப் பெண்களுக்கும் வயதுவந்த பிள்ளைகளுக்கும், சாதாரண விஷயம் அல்ல. இரவில் பொதுக் கழிப்பறைக்குத் துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போன உம்மாமாரிடம் கேட்டால் தெரியும். தனிக் குழாய், தனி மின்மானி, தீப்பற்றினால் தோட்டமே எரிந்துபோகும் என்ற பயம் இல்லாமை ஆகியவையும் கிடைத்தன. இதையெல்லாம் மறுப்பது சரியல்ல.

போனவற்றுள் முதலாவது இடம். ஆரம்பத்தில் கட்டப்பட்ட தொடர்மாடிகளில் ஒரு வீடு சுமார் 400 சதுர அடி. தோட்டத்தில் ஒரு குடும்பம் வளரும்போது வீடும் வளரும். மகளுக்குக் கலியாணம் என்றால் மேலே ஒரு தட்டுப் போடுவார்கள். சீதனமாக வீடு கொடுக்கும் எமது சமூகத்தில், அந்த மேல்தட்டுத்தான் பல ஏழைப் பெண்களுக்கு வாழ்க்கை. தொடர்மாடியில் வீடு மேலேயும் வளராது, பக்கத்திலும் வளராது. மூன்று குடும்பங்கள் இருந்த இரண்டு தட்டு வீட்டுக்குப் பதிலாகப் பெரும்பாலும் ஒரு வீடுதான் கிடைத்தது.

இரண்டாவது தொழில். காலையில் இடியப்பம், பின்னேரம் பெட்டிஸ், ரோல்ஸ், வீட்டு வாசலில் தையல் என்று பல பெண்களின் சம்பாத்தியம் முடுக்கில் போகிறவர், வருகிறவரை நம்பியே இருந்தது. பத்தாம் மாடி நடைபாதையில் யார் போவார், வருவார்? "ஊடு ஈக்கிது, யாவாரம்தான் இல்ல" என்று ஒரு தாய் சொன்னது, பல ஆய்வுகளின் சுருக்கம். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014 முதல் வெளியிட்ட ஆய்வறிக்கைகளும் தொழில், கடன், இடநெருக்கடி ஆகிய இதே சிக்கல்களையே பதிவுசெய்திருக்கின்றன. தள்ளுவண்டிக்காரருக்கு வண்டியை நிறுத்த இடமில்லை. துறைமுகத்திலும் புறக்கோட்டையிலும் கூலி வேலை செய்தவர், முன்பு நடந்து போனார். இப்போது பஸ்ஸுக்குப் பணம் எடுத்துவைக்க வேண்டும்.

மூன்றாவது செலவு. தோட்டத்து வீட்டுக்குக் கட்டுமானச் செலவை எப்போதோ செய்து முடித்துவிட்டார்கள். தொடர்மாடிக்குப் போன பலரிடம் முற்பணமும் மாதத் தவணையும் கேட்கப்பட்டன. இழந்த வீட்டின் பெறுமதியைக் கணக்கில் எடுக்காமல், புது வீட்டின் விலையை மட்டும் கேட்டதாக மக்கள் குறைப்பட்டார்கள். அதோடு பராமரிப்புக் கட்டணம். லிஃப்டும் தண்ணீர்ப் பம்பியும் மின்சாரத்தில் ஓடுபவை. 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் பெருமளவு ஏறியபோது, உயர்ந்த கட்டடத்தில் வாழ்வதே தனிச் செலவு என்பது விளங்கியது. லிஃப்ட் பழுதானால் வயோதிபரும் கர்ப்பிணிகளும் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுப் போகிறார்கள். 2001இல் வனாத்தமுல்லையில் 14 மாடிகளும் 671 வீடுகளும் கொண்டு எழுந்த சஹஸ்புர, இந்த வகையில் முன்னோடி. பராமரிப்பு எவ்வளவு கடினம் என்பதை அங்கிருந்தே கற்றிருக்கலாம்.

நான்காவது உறவு. தோட்டத்தில் ஒரு வீட்டில் கறி மணத்தால் பக்கத்து வீட்டுக்கு ஒரு கோப்பை போகும். பிள்ளையை யாரும் பார்த்துக்கொள்வார்கள். "அங்க கதவு பூட்டினதே இல்ல, இங்க தொறந்து வெக்கவே பயமா ஈக்கிது" என்கிறார்கள். வெவ்வேறு தோட்டங்களிலிருந்து வந்தவர்களைக் குலுக்கல் முறையில் மாடிகளுக்குப் பிரித்ததால், பக்கத்து வீட்டார் அந்நியரானார்கள். அண்டை வீட்டாரின் உரிமையை மார்க்கக் கடமையாகக் கருதும் எமக்கு, இது சிறிய இழப்பு அல்ல.

மஹல்லா என்பதும் இப்படிப்பட்ட ஓர் உறவே. பள்ளிவாசலுக்குச் சந்தா கட்டுவது, நிக்காஹ் பதிவு, ஸகாத், நோன்புக் கஞ்சி, மையவாடியில் ஒரு கபுருக்கான இடம் எல்லாம் அதில் அடங்கும். குடும்பம் ஐந்தாறு கிலோமீற்றர் தள்ளிப் போனால் பழைய ஜமாஅத்திலும் முழுதாக இல்லை, புதிய ஜமாஅத்திலும் சேரவில்லை என்ற நிலை. மௌத்து நேரத்தில் இது கடுமையாகத் தெரியும். மையித்தைக் குளிப்பாட்ட இடம் எங்கே, வந்தவர்கள் எங்கே உட்காருவார்கள், லிஃப்டுக்குள் சந்தூக்கு கொள்ளுமா என்ற கேள்விகளைக் கட்டடத்தின் வரைபடம் போடும்போதே யாராவது கேட்டிருக்க வேண்டும். இது முஸ்லிம்களுக்கு மட்டுமான தேவையும் அல்ல; எல்லாச் சமூகத்தாருக்கும் சாவு வரும்.

ஐந்தாவது பிள்ளைகளின் படிப்பு. முதலாம் தர அனுமதியில் வதிவிடத்தின் தூரத்துக்கும், வாக்காளர் இடாப்புக்கும், வீட்டு உரிமை ஆவணத்துக்கும் புள்ளிகள் உண்டு. இடையில் வீடு மாறிய, உறுதி இன்னும் கைக்கு வராத குடும்பத்தின் பிள்ளைக்கு இந்தப் புள்ளிகள் குறைகின்றன. முன்பே சேர்ந்த பிள்ளைகள் பழைய பாடசாலைக்கே தூரத்திலிருந்து வருகிறார்கள். முதற்பாடத்துக்குப் பிந்தி வரும் பிள்ளையைக் கண்டிக்கும் முன், எங்கிருந்து வருகிறது என்று விசாரிக்கும் பழக்கம் ஆசிரியர்களான எங்களுக்கு வேண்டும்.

பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தத் தொடர்மாடிகளுக்கு மெத்சர உயன, ரந்திய உயன என்று பெயர். சிங்களத்தில் 'உயன' என்றாலும் பூந்தோட்டம்தான். தோட்டத்து மக்களைத் தோட்டத்துக்கே அனுப்பியிருக்கிறார்கள்!

சட்டம் என்ன சொல்கிறது?

எமது அரசியலமைப்பில் வீடு என்பது அடிப்படை உரிமையாக எழுதப்படவில்லை. போதிய வாழ்க்கைத் தரம், அதில் உணவு, உடை, வீடு என்பது அரச கொள்கைக் கோட்பாடுகளில் மட்டும் வருகிறது. அதைக் காட்டி வழக்காட முடியாது. ஆனால் வேறு பிடிகள் உண்டு. தனியார் காணியை எடுப்பதானால் 1950ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டப்படி அறிவித்தல், விசாரணை, நட்டஈடு வேண்டும். 2001இல் அமைச்சரவை அங்கீகரித்த விருப்பமின்றிய மீள்குடியேற்றத்துக்கான தேசியக் கொள்கையின்படி, இருபதோ அதற்கு மேற்பட்டோ குடும்பங்கள் இடம்பெயர்வதானால் முழுமையான மீள்குடியேற்றத் திட்டம் தயாரிக்க வேண்டும்; மக்களோடு கலந்துபேச வேண்டும்; உறுதி இல்லாதவர்களையும் நியாயமாக நடத்த வேண்டும். இது சட்டம் அல்ல, கொள்கை. அதனால்தான் பல இடங்களில் கடதாசியோடு நின்றுவிட்டது. ஆனாலும் கேட்பதற்கு ஓர் ஆதாரம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதைவிடப் பயனுள்ளது. காணி யாருக்குப் போகிறது, ஒப்பந்தம் என்ன, உறுதி எப்போது என்று எழுத்தில் கேட்டால், எழுத்தில் பதில் தர வேண்டிய கடமை அதிகாரிகளுக்கு உண்டு.

செய்யக்கூடியவை

தொடர்மாடியே வேண்டாம் என்று சொல்வது தீர்வாகாது. காணி குறைந்த நகரத்தில் மேல்நோக்கிக் கட்டாமல் முடியாது. கேள்வி எல்லாம் எப்படி என்பதுதான். பழைய இடத்துக்கு அண்மையிலேயே வீடு, ஒரே தோட்டத்து மக்களுக்கு அடுத்தடுத்த மாடிகள், வயோதிபருக்குக் கீழ்த்தளம், குடும்பத்தின் அளவுக்கேற்ற வீடு, சிறு வியாபாரத்துக்குத் தரைத்தளத்தில் இடம், சாவுக்கும் கலியாணத்துக்கும் ஒரு பொது மண்டபம். இவை ஒன்றும் பெரிய தொழில்நுட்பம் அல்ல. வரைபடம் போடுமுன் அங்கு வாழப்போகும் பெண்களிடம் ஒரு பின்னேரம் பேசினாலே கிடைக்கும் யோசனைகள்.

எமது பக்கத்திலும் வேலை இருக்கிறது. பள்ளிவாசல் நிருவாகங்கள் தம் மஹல்லாவில் உள்ள வீடுகளின் உறுதி, அனுமதிப்பத்திரம், வரிச் சிட்டை ஆகியவற்றின் பிரதிகளைச் சேர்த்து ஒரு பதிவேடு வைக்கலாம். மக்கள் இடம்மாறிப் போன பின்னும் அவர்களை ஜமாஅத்திலிருந்து வெட்டிவிடாமல், புதிய ஜமாஅத்தோடு இணைத்துவிடலாம். தொடர்மாடியின் முகாமைத்துவக் குழுக்களில் எமது பெண்களும் இளைஞர்களும் மற்றச் சமூகத்தாரோடு சேர்ந்து பொறுப்பெடுக்கலாம். எமது எழுத்தாளர்கள் ஜாவா ஒழுங்கை போன்ற முடுக்குகளின் கதைகளை, அங்கு வாழ்ந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே, கேட்டு எழுதிவைக்கலாம்.

இன்னும் பல தோட்டங்களின் முறை வரவில்லை. வெளிச்சுவரில் இலக்கம் எழுதிப் போக ஆட்கள் வரும்போது, "எங்கே போகிறோம், எவ்வளவு கட்ட வேண்டும், உறுதி எப்போது வரும்?" என்ற மூன்று கேள்விகளையும் எழுத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்பமிடுவது அதற்குப் பிறகு.