சுக்கையும் சொல்லிவிட்டுக் கொடுங்கள்

கீழப்பாவூர்ப் பக்கம் ஒரு பிள்ளைக்கு ரத்தப் புற்று என்று தெரிந்துவிட்டால், வீட்டார் திருநெல்வேலி அரசு மருத்துவமனைக்கு ஓடுவார்கள்; செங்கோட்டை தாண்டித் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மையத்துக்குப் போவார்கள், இல்லையென்றால் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுக்கு இரண்டு வருஷத்துக்கும் மேல் சிகிச்சை எடுக்க வேண்டும். வசதியான நாடுகளில் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் குணமாகிறார்கள். இந்த நம்பிக்கையை யாரும் கைவிட வேண்டாம்.

ஆனால் சிகிச்சை முடிவதற்குள் பிள்ளை படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. குமட்டல், வாய்ப்புண், மலச்சிக்கல், ஊசியைக் கண்டாலே அழுகை. பெற்ற மனம் சும்மா இருக்குமா? சுக்குக் கஷாயம், தேன், பப்பாளி இலைச் சாறு என்று அக்கம்பக்கத்தார் சொன்னதெல்லாம் அடுப்படிக்கு வந்துவிடுகிறது. டாக்டர் திட்டுவாரே என்று பல வீடுகளில் இதை வெளியே சொல்வதில்லை. என் கவலையெல்லாம் அதுதான்.

ஏனென்றால் சுக்கு வெறும் பாட்டி வைத்தியமில்லை. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் எலும்புப் புற்று வந்த சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் கீமோ நாட்களில் இஞ்சிப் பொடியை மாத்திரைக் கூட்டில் அடைத்து, எடைக்கேற்ற அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். கடுமையான குமட்டலும் வாந்தியும் குறைந்தன என்று 2011இல் எழுதினார்கள். வாந்தியை நிறுத்தும் வழக்கமான மருந்துகளை அவர்கள் விடவில்லை. அவற்றோடு சேர்த்துத்தான் கொடுத்தார்கள். நம் ஊர் வேலியோரம் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து பிரித்தெடுத்ததுதான் ரத்தப் புற்றுக்குப் போடும் வின்கிறிஸ்டின் ஊசி. அதற்காக அந்த இலையைப் பறித்து அரைத்துக் கொடுத்தால் விஷம். அளவுதான் மருந்தாக்குகிறது.

எந்த மருந்தும் இல்லாமல் உதவுவதும் உண்டு. ஊசி போடும் நேரத்தில் பிள்ளை கையில் சோப்புக் குமிழி ஊதும் குச்சியைக் கொடுத்துப் பாருங்கள். குமிழி உடையாமல் வர மெதுவாக, நீளமாக ஊத வேண்டும்; மூச்சு சீராகும், இறுகிய தோள் தளரும், கண் குமிழியின் பின்னால் போகும். ஊசி போட அந்த நேரம் போதும். இப்படிக் கவனத்தைத் திருப்புவது ஊசி வலியைக் குறைக்கிறது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காசு பெரிதாக ஆகாது. செய்யாமல் இருப்பதற்குச் சாக்கே இல்லை.

சிலவற்றைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடாது. பிளேட்லெட் குறைந்திருக்கும்போது அழுத்தித் தேய்த்தால் உள்ளே ரத்தம் கசியலாம். குற்றாலத்து எண்ணெய்த் தேய்ப்பு அப்போது வேண்டவே வேண்டாம். வெள்ளை அணு இறங்கியிருக்கும் பிள்ளையைச் சீசன் கூட்டத்தில் அருவியில் நிறுத்துவதும் தொற்றை விலைக்கு வாங்குவதே. ரத்தப் புற்றுக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுவது. பாதரசம் சேர்ந்த செந்தூரம் சிறுநீரகத்தைக் கெடுத்தால் அந்த மருந்து உடம்பிலேயே தங்கி நஞ்சாகும்.

பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்குள்ளவர்களும் புற்றுநோய் மருத்துவர்களும் சேர்ந்து உட்கார்ந்து, எது ஆகும், எது ஆகாது என்று பெற்றோருக்குத் தமிழில் ஒரே தாளில் எழுதிக் கொடுக்கலாம்.

டாக்டர்களே, கோபப்படாமல் கேளுங்கள். அம்மாமார்களே, அடுத்த முறை போகும்போது பாட்டில், பொட்டலம் எல்லாவற்றையும் பையில் எடுத்துக்கொண்டு போய் டாக்டரின் மேஜைமேல் வையுங்கள். கீமோவை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள்.