வெப்பப் பகுப்பாய்வு மூலம் உருகுநிலை அறிதல்

ஒரு திண்மப் பொருளைச் சீரான வேகத்தில் சூடாக்கி, அது உருகும்போது உறிஞ்சும் வெப்பத்தைக் கருவியால் பதிவுசெய்து உருகுநிலையைக் கண்டறிவது வெப்பப் பகுப்பாய்வு முறையாகும். இதற்குப் பெரிதும் பயன்படுவது டிஃபரென்ஷியல் ஸ்கேனிங் கலோரிமெட்ரி, சுருக்கமாக டி.எஸ்.சி. 1962-இல் பெர்க்கின்-எல்மர் நிறுவனத்தைச் சேர்ந்த வாட்சன், ஓ'நீல் ஆகியோர் இதை உருவாக்கினர். நுண்குழாய் முறையில் பொருள் உருகுவதைக் கண்ணால் பார்த்து வெப்பநிலையைக் குறிக்க வேண்டும். டி.எஸ்.சி. உருகுநிலையோடு உருகுவெப்பத்தையும் தூய்மையையும் சேர்த்தே காட்டுகிறது.

தத்துவம்

கருவியில் இரண்டு சிறு கிண்ணங்கள் இருக்கும். ஒன்றில் மாதிரிப் பொருள் இருக்கும். மற்றொன்று வெறுமையாக இருக்கும். இரண்டும் ஒரே வேகத்தில் சூடாக்கப்படும். மாதிரி உருகத் தொடங்கியதும் அதன் படிக அமைப்பைக் கலைக்கக் கூடுதல் வெப்பம் தேவைப்படுகிறது. இரு கிண்ணங்களுக்கும் செல்லும் வெப்ப ஓட்டத்தின் வேறுபாடு வரைபடத்தில் ஒரு முகடாகத் தோன்றும். முகட்டின் பரப்பளவு உருகுவெப்பத்தைத் தரும்.

செய்முறை

சில மில்லிகிராம் மாதிரியை அலுமினியக் கிண்ணத்தில் மெல்லிய படலமாகப் பரப்பி மூடி அழுத்துவர். உலையில் நைட்ரஜன் வாயு செலுத்தப்படும். நிமிடத்துக்கு 10 °செ என்பது வழக்கமான வேகம். தூய்மையை அளக்க 1 அல்லது 2 °செ போன்ற குறைந்த வேகம் வேண்டும். அளவீட்டுக்கு முன் இண்டியம் உலோகத்தால் கருவி அளவுத்திருத்தம் செய்யப்படும். அதன் உருகுநிலை 156.6 °செ.

வரைபடத்திலிருந்து உருகுநிலை

முகட்டின் உச்சி உருகுநிலை அன்று. மாதிரியின் நிறையோ சூடாக்கும் வேகமோ கூடினால் உச்சி உயர்ந்த வெப்பநிலைக்கு நகர்ந்துவிடும். எனவே, முகட்டின் ஏறுபக்கத்தில் மிகச் செங்குத்தான இடத்தில் வரையப்படும் தொடுகோடு அடிக்கோட்டின் நீட்சியை வெட்டும் புள்ளியே தூய பொருளின் உருகுநிலையாகக் கொள்ளப்படுகிறது. இது தொடக்க வெப்பநிலை எனப்படும். முடிவைக் குறிப்பிடும்போது சூடாக்கிய வேகத்தையும் சேர்த்துக் குறிப்பிடுவது அவசியம். சில கருவிகள் வெப்பம் உறிஞ்சப்படுவதை மேல்நோக்கியும் சில கீழ்நோக்கியும் வரைவதால் அச்சின் திசையையும் கவனிக்க வேண்டும்.

தூய்மை

தூய பொருளின் முகடு குறுகியும் கூர்மையாகவும் இருக்கும். மாசு கலந்திருந்தால் உருகுநிலை குறைந்து முகடு அகலும். இந்தத் தாழ்வை வான்ட் ஹாஃப் சமன்பாட்டில் பொருத்தி மாசின் மோல் பின்னத்தைக் கணக்கிடலாம். பொருள் ஏற்கெனவே மிகத் தூய்மையாக இருந்து, மாசு உருகிய திரவத்தில் கரைந்து படிகத்தில் கரையாமல் இருந்தால்தான் இக்கணக்கு பொருந்தும்.

மருந்துகளில் பல்லுருவம்

ஒரே சேர்மம் வெவ்வேறு படிக அமைப்புகளைக் கொண்டிருப்பது பல்லுருவம். பாராசிட்டமாலின் முதல் வடிவம் ஏறத்தாழ 170 °செ-இலும், இரண்டாம் வடிவம் ஏறத்தாழ 157 °செ-இலும் உருகும். வேதிவாய்பாடு ஒன்றே. ஆயினும் இரண்டாம் வடிவம் மாத்திரையாக எளிதில் அழுந்தும். முதல் வடிவமே அறை வெப்பநிலையில் நிலையானது. ஒரு மருந்தின் படிக வடிவம் மாறினால் அது கரையும் வேகமும் மாறக்கூடும் என்பதால், ஆலைக்கு வந்த தூள் எந்த வடிவத்தைச் சேர்ந்தது என்பதை அறிவது முக்கியமாகிறது. உருகுநிலை முகடு அதற்கு விரைவான சான்று.

வரம்புகள்

உருகும்போதே சிதையும் பொருள்களுக்கு இம்முறை நம்பகமான ஒற்றை மதிப்பைத் தராது. சர்க்கரை (சுக்ரோஸ்) இதற்கு எடுத்துக்காட்டு. சூடாக்கும் வேகத்துக்கேற்ப அதன் உருகுநிலை பெரிதும் மாறுபடும். இத்தகைய பொருள்களை வெப்ப எடையறி பகுப்பாய்வுக்கும் உட்படுத்துவர். முகடு தோன்றும் வெப்பநிலையிலேயே எடையும் குறைந்தால், அங்கு நிகழ்வது வெறும் உருகுதல் அன்று; சிதைவோ, ஆவியாதலோ, நீர் வெளியேறுதலோ உடன் நிகழ்கிறது என்று அறியலாம்.